மத்தியான மாத்திரை

வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓட வேண்டும். சலவைக் கூடத்தில் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் மட்டும் செருப்பைத் தேடுவாள்.

எல்லாம் இந்த மலிவு மாத்திரையால் வந்த வினை. ஓரிடத்தில் உட்காராத, எதிலும் கவனம் நிற்காத மகளுக்கு முன்பு கொடுத்த கேப்சூல் காலையில் ஒன்று போட்டால் சாயங்காலம் வரை நிற்கும். அந்த விலை இனி தாங்காது என்று அவள் சொன்னதும் டாக்டர் வேறு எழுதிக் கொடுத்தார்.

"இதுவும் அதே மருந்துதாம்மா. விலை கம்மி. ஆனா நாலு மணி நேரம்தான் நிக்கும். மத்தியானம் இன்னொண்ணு போடணும்."

மத்தியானம் யார் போடுவது? டீச்சர் கையை விரித்துவிட்டார். "மாத்திரையெல்லாம் நாங்க குடுக்கக் கூடாதுங்க, ரூல் அப்படி. பிள்ளைகிட்டயே குடுத்து விடுங்க. மறக்காம சாப்பிடச் சொல்லுங்க."

காலில் போட்ட செருப்பையே வகுப்பில் விட்டுவிட்டு வரும் பிள்ளை அது. மறதிக்குத் தரும் மாத்திரையை மறக்காமல் சாப்பிட வேண்டுமாம்! கொடுத்தனுப்பியும் பார்த்தாள். பென்சில் சீவலோடு சீவலாகத் திரும்பி வந்தது.

மணி அடித்தது. சூப்பர்வைசர் வாசலை மறித்து நின்றார்.

"இன்னைக்கும் லேட்டா வந்தா, உன் மேஜையில வேற ஆள் நிக்கும். சொல்லிட்டேன்."

"சாப்பிடுற நேரத்துலதானே சார் போறேன்? உங்க நேரத்துலயா போறேன்?"

"வாய் மட்டும் நேரத்துக்கு வந்துடுது."

பள்ளிக்கூடத்து கேட்டில் எப்போதும் அவளுக்கு முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கும் வாலு இன்று வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கழுதை எங்கே போய்த் தொலைந்தது?

கடைசியில் மகள் நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்தாள்.

"எங்கடி போன? அங்க என்னை வேலையை விட்டே தூக்கப் போறாங்க!"

"கணக்கு பாதியில இருந்துச்சும்மா. முடிச்சுட்டு வந்தேன்."

"யாரு, நீயா?"

"சத்தியமா. நடுவுல எழுந்திரிக்கவே இல்ல. டீச்சர்கூட கை தட்டச் சொன்னாங்க."

பிள்ளையை அள்ளிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நடுவே கேட் இருந்தது. கம்பி வழியாக மாத்திரையை நீட்டினாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நாக்கைக் காட்டு" என்றாள். மகள் காட்டினாள். மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திரும்பி ஓடினாள் அம்மா.

மூச்சிரைக்க வந்து நின்றபோது சலவைக் கூடத்தில் வேலை தொடங்கியிருந்தது. அவள் மேஜையில் புதிதாக ஒருத்தி நின்று, அவள் பாதியில் விட்டுப்போன வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா வாசலுக்கு வெளியே தரையில், திறக்காமல் இருந்தது.