ஃபேனுக்குக் கொசுறாக வந்த கம்பி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஒரு துணிக்கடைக்காரர். பஸ்ஸில் பக்கத்து இருக்கை. (இதை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பேரம் ஓயாத வீட்டில் வளர்ந்தவன் நான். முதலில் சொல்லும் விலையை அங்கே யாரும் நம்புவதில்லை. ஆனாலும் எதையாவது சொல்லித்தானே தொடங்க வேண்டும்.)

அவர் சொன்னது இவ்வளவுதான்: அவருடைய அக்கா, தன் புருஷன் வீட்டை விட்டு வந்து, தம்பி வீட்டுப் பின்னறையில் தன் கையாலேயே சீலிங் ஃபேன் மாட்டினாள்.

இதில் என்ன கதை என்று கேட்டேன்.

"டேபிள் ஃபேன் வந்துட்டுப் போறவங்களுக்கு. சீலிங் ஃபேன் இருக்கறவங்களுக்கு" என்றார்.

2

முதல் தொடக்கம்: "வெக்கை தாளாத ஒரு மதியம் அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் வெறும் கொக்கி, அவளுடைய வாழ்க்கையைப் போலவே"

நிறுத்திவிட்டேன். கொக்கி கொக்கிதான். சிமெண்டுக்குள் வளைத்துவிட்ட இரும்பு. அதன் தலையில் வாழ்க்கையை எல்லாம் தொங்கவிட்டால் அதுதான் என்ன செய்யும்?

இரண்டாம் தொடக்கம்: "பாவம் அக்கா."

இதையும் அடித்தேன். பாவம் என்று எழுதிவிட்டால் அடுத்த வரியில் அவளை அழவைக்க வேண்டும். அவள் ஒத்துழைக்க மாட்டாள். வந்த முதல் நாளே பின்னறையில் கிடந்த துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்னறைக்கு உருட்டிவிட்டு, "இனிமே உன் சரக்கு உன் பக்கம் இருக்கட்டும்டா" என்று சொன்னவள்.

மூன்றாம் தொடக்கம் கீழே. மட்டமானதுதான். ஆனால் ஆடாமல் நிற்கும்.

3

அக்கா தன் சம்பளத்தில் ஃபேன் வாங்கினாள். கடைப் பையன் பெட்டியைத் தம்பியின் துணிக்கடையில் இறக்கிவிட்டுப் போனான். மறுநாள் தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். எலக்ட்ரீஷியனையும் அவனே அனுப்பிவைத்தான். குறை சொல்ல முடியாத தம்பி.

எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பிரித்துத் தரையில் பரப்பினார். மோட்டார், ராடு, மூன்று இறக்கை, இரண்டு கிண்ணம், ரப்பர் உருளை, போல்ட், நட்டு. பொட்டலத்தைக் கவிழ்த்து உதறினார்.

"கம்பி இல்லீங்களே."

"என்ன கம்பி?"

அவர் போல்ட்டின் நுனியில் இருந்த சின்ன ஓட்டையைக் காட்டினார். ஹேர்பின் போல இரண்டு கால் உள்ள கம்பி ஒன்று அதில் நுழைய வேண்டும். நுழைத்துக் கால்களைப் பிரித்து மடக்கிவிட்டால், ஆடி ஆடி நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாது. அது இல்லாமல் மாட்டினால் ஒரு நாள் ஃபேன் இறங்கி வரும், கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது.

"கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும். தம்பி சொல்லட்டும், நாளைக்கு வரேன்."

"ஃபேன் எனக்கு. தம்பி எதுக்குச் சொல்லணும்?"

அவர் பையை எடுத்துக்கொண்டார். நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அன்று சாயங்காலம் தம்பி, "ரெண்டு நாள்தானே, டேபிள் ஃபேனை வெச்சுக்கோக்கா" என்றான்.

4

மூன்றாம் நாள் அக்கா எலக்ட்ரிக் கடைக்குப் போனாள். சுவிட்சு ஒன்று எடுத்தாள், விலையை இழுத்துப்பிடித்துக் குறைத்தாள், கடைசியில் கையை நீட்டியபடியே நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"கொசுறு."*

"சுவிட்சுக்கு யாராவது கொசுறு கேப்பாங்களா?"

"ஃபேன் போல்ட்டுக்குப் போடற கம்பி ஒண்ணு குடுங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க குப்பையில கூட்டறதுதான்."

* வாங்கியதற்கு மேல் உரிமையோடு பிடுங்கும் துண்டு. எங்கள்... அவர்கள் வீட்டில் கொசுறு இல்லாமல் திரும்பி வருகிறவரைக் கடைக்கே திருப்பி அனுப்புவார்கள்.

மதியம் தம்பி சாப்பிட வந்தபோது பின்னறையில் மெயின் இறக்கியிருந்தது. அக்கா ஸ்டூல் மேல், தலையில் துண்டு, கையில் கட்டிங் பிளேயர். கீழே ராடு பூட்டிய மோட்டார் தயாராக இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தே. தூக்கிக் குடு."

"அக்கா, இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யணும்."

"அந்த எலக்ட்ரீஷியன் சொல்லிக் காட்டினதைத்தான் செய்யறேன். தூக்கு."

தூக்கினான். தோளில் ஏற்றிப் பிடித்தான். அவள் கொக்கியில் உருளையைப் பொருத்தி, போல்ட்டை விட்டு, நட்டை முடுக்கினாள். முடுக்கிவிட்டு நிறுத்தினாள்.

"கையை எடுக்கவா?"

"எடுக்காதே, கம்பி போடலை. ரெண்டு நாள்ங்கிறியே, எந்த ரெண்டு நாள்?"

"சும்மா சொன்னேன்க்கா. மாமா வந்து கூப்பிட்டா..."

"கூப்பிட்டா?"

"நீ இங்கேயே தங்கிட்டேன்னு தெரிஞ்சா அவர் வரமாட்டார். கொஞ்சம் இறங்கிப் பேசினாத்தானே அவரும் இறங்கி வருவார்? கை வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும். நான் உன் கடைச் சரக்கு இல்லைடா, இறக்கிப் பேசறதுக்கு. இது பேரமும் இல்லை. தகவல். நான் இங்கே இருக்கேன்."

உதட்டில் கவ்வியிருந்த கம்பியை எடுத்தாள். நுழைத்தாள். கால்களை மடக்கினாள்.

"இப்ப எடு."

எடுத்தான். ஃபேன் விழாமல் நின்றது.

5

துணிக்கடைக்காரர் நான்தான். பஸ் எதுவும் இல்லை.

கம்பியும் தொலையவில்லை. பெட்டி கடையில் இருந்த அன்றே பொட்டலத்தைப் பிரித்து அதை எடுத்துக் கல்லாவில் போட்டேன். முடியாது என்று நேராகச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. ஒரு சாமானைக் குறைத்து வைத்தால் வியாபாரம் தானாகவே தள்ளிப்போகும். எலக்ட்ரீஷியனிடமும், நான் சொன்னால் மட்டும் மறுபடி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் யோசித்தவன் ஒன்றை மறந்தேன்: என் அக்கா வளர்ந்ததும் அதே வீட்டில்தான்.

6

மாதத்தில் முதல் ஞாயிறு பராமரிப்பு. அவள் ஏறுவாள், நான் ஸ்டூலைப் பிடிப்பேன். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி உருவினால் தூசி மூக்கில் விழாமல் உறைக்குள் போய்விடும். பிறகு கூரைக்கும் ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் ஸ்கேல் வைத்து அளப்பாள். ஒன்று தாழ்ந்திருந்தால் அதன் திருகை முடுக்குவாள். வேகம் குறைந்தபோது கண்டன்சரை மாற்றினாள். கடைசியாக எப்போதும் கம்பியைத் தொட்டுப் பார்ப்பாள்.

கதைக்கு மூன்று முடிவு எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

அ) மாமா வருகிறார், சுழலும் ஃபேனைப் பார்க்கிறார், திருந்துகிறார். "அவரு எதுக்கு என் ரூமுக்குள்ள வர்றாரு?"

ஆ) ஃபேன் விழுகிறது. "நான் மாட்டினது விழாது. வேற யாராவது மாட்டினதை விழவெச்சுக்கோ."

இ) தம்பி மன்னிப்புக் கேட்கிறான். இதற்கு மட்டும், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

அவளை ஸ்டூலிலிருந்து இறக்கி, பெட்டி கட்டி, பழைய வீட்டுக்கு அனுப்பும் நான்காவது முடிவு ஒன்று வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். அந்தச் சரக்கு இந்தக் கடையில் கிடையாது, கொசுறாகவும் கிடையாது.

7

இன்று முதல் ஞாயிறு. அக்கா ஸ்டூல் மேல் நிற்கிறாள். ஃபேன் நின்றிருக்கிறது. கட்டிலில் நான் கொடுத்த தாள்கள்.

"டேய், கதை பூரா படிச்சேன்."

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. ஆனா நாலுக்கு அப்புறம் ஆறு வருது."

நான் ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டியைப் பிரிச்சா எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாக்கறவ நான்" என்றாள், கம்பியைத் தொட்டுப் பார்த்தபடி. "உனக்குத் தெரியாதா? அஞ்சு எங்கடா?"

ஐந்து மடிந்து என் சட்டைப்பையில் இருக்கிறது. அதற்குள் கல்லாவிலிருந்து எடுத்த அந்தப் பழைய கம்பியும் இருக்கிறது. நீங்கள் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள், அவள் பார்க்கவில்லை. என் கை சும்மாதான் இருக்கிறது, முன்போல எதையும் தூக்கிப் பிடித்திருக்கவில்லை. ஆனாலும் வலிக்கிறது.

அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், கொசுறு கேட்கிறவளைப் போல. வாங்காமல் அவள் நகர்ந்ததில்லை. நான் வாயைத் திறக்கிறேன், கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.