ஒரே பெண்

"அவங்க கிளம்பிப் போற வரைக்கும் வீட்டுப் பக்கம் வந்துடாதே," என்றாள் அம்மா.

மூத்தவள் தங்கையின் ரவிக்கைக்குக் கடைசிக் கொக்கியைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைப்பவள் அவள்தான். கால்கள் இரண்டும் சின்ன வயதிலேயே சூம்பிப் போனவை. மாற்றுத் திறனாளிகளுக்கான மண்டலப் போட்டிக்குப் போகிறேன் என்று வருஷா வருஷம் கெஞ்சினாள். "ஊர் சிரிக்கவா?" என்று வாயை அடைத்தார்கள். இந்த வருஷம் அண்ணனே வண்டி பேசிவிட்டு வந்து நின்றான்.

பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்கள் ஏமாளி. அன்று சாயங்காலம் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய பாத்திரக்கடை முதலாளி. குடும்பத்தில் ஒருவருக்கும் உடம்பில் குறை இருக்கக் கூடாது என்று தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். இவர்களும் கூசாமல் ஒரே பெண் என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய கையால் சுற்றும் தையல் மெஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான்க்கா," என்றாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ கல்யாணத்தன்னைக்கு?"

அண்ணன் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான்.

மைதானத்தில், தரையோடு கட்டிய நாற்காலியில் இருந்தபடி குண்டு எறிந்தாள். முதல் வீச்சில் அம்மாவை நினைத்துக்கொண்டாள், அடுத்ததில் அண்ணனை. மூன்றாவது அந்தப் பாத்திரக்கடைக்காரருக்கு. தங்கப் பதக்கம் மூன்றாவதற்குத்தான் கிடைத்தது.

பரிசு கொடுக்க மேடையேறிய தலைமை விருந்தினரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரகர் கொடுத்த போட்டோவில் மகன் தோளில் கைபோட்டு நின்ற அதே மனிதர், அதே மீசை!

"இந்த மாதிரிப் பொண்ணு ஒவ்வொரு வீட்டுலயும் பொறக்கணும்," என்று முழங்கினார் அவர். கைதட்டல் அடங்குவதற்குள் பதக்கத்தோடு குனிந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையால் மைக்கை வாங்கினாள்.

"இங்க வேணாங்கய்யா. சாயங்காலம் எங்க வீட்டுக்குத்தானே பொண்ணு பார்க்க வர்றீங்க? அந்தப் பொண்ணோட கூடப் பொறந்த அக்கா நான். நீங்க போட்ட கறாருக்குப் பயந்து என்னை மறைச்சுட்டாங்க. இந்தப் பதக்கத்தை மறக்காம எடுத்துட்டு வாங்க. எங்க வீட்டுக் கூடத்துல, எல்லார் முன்னாடியும் போட்டு விடுங்க."

மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. விழா நடத்துபவர் பாதியைத்தான் காதில் வாங்கியிருப்பார் போலும், "சம்பந்தம் பண்ணப் போறீங்களா! என்ன பெரிய மனசு!" என்று உருகினார். பத்திரிகைக்காரர்கள் முன்னால் முண்டினார்கள். "நாங்களும் வரலாமா?"

"தாராளமா வாங்க," என்றாள் அவள்.

கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. "வர்றேம்மா," என்றார் அவர், வேர்த்துக் கொட்ட.

அண்ணன் பேசிய அதே வண்டியில் திரும்பி, இருட்டுவதற்கு முன்பே அவள் வீட்டில் இருந்தாள், கூடத்தின் நட்ட நடுவில், சக்கர நாற்காலியில்.

"உள்ளே போடி! என் குடியைக் கெடுக்கறியே!" அம்மா நாற்காலியைத் தள்ளினாள். பிரேக் போட்டிருந்தது. அண்ணன் வந்து முக்கினான். அவள் தூணை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். குண்டு எறிந்த கை, அவனால் பிரிக்க முடியவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. பின்னாலேயே மோட்டார் சைக்கிள்கள். ஜன்னல் கண்ணாடியில் கேமரா வெளிச்சம் அடித்தது.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "யாருடி இவங்கெல்லாம்?"

"உன் மூத்த பொண்ணைப் பார்க்க வந்தவங்கம்மா," என்றாள் அவள். "கதவைத் திற."