மலையும் பனிப்பூவும் போட்ட டயர்

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நான் ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது வருண் வண்டியில் உட்கார்ந்து ஏசியைப் போட்டு வைத்திருந்தார். ஷார்ஜாவில் ஆகஸ்ட் மாதம். காலை ஒன்பது மணிக்கே கதவுக் கைப்பிடி சுட்டது.

வண்டி ஏதோ வேறு மாதிரி நின்றது. சற்றுக் குனிந்து பார்த்தேன். பெரிய வெள்ளி நிற அலாய் வீல்களைக் காணோம். அவை இருந்த இடத்தில் சின்னக் கறுப்பு இரும்பு வீல்கள். டயருக்கும் வண்டியின் வளைவுக்கும் நடுவே ஒரு கை நுழையும்.

"வீல் மாத்தியிருக்கீங்களா?"

"ம். சின்ன வீல்னா மைலேஜ் நல்லா வரும். ஏறு ஹர்ஷி, பார்டர்ல கூட்டம் இருக்கும்."

ஏறினேன். அந்த வாரம் முழுக்க நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி. பாலிமர் வேதியியல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. அதில் இரண்டு வருடம் இந்த ஊரில், வருணின் விசாவில், ஒரு படுக்கையறை ஃபிளாட்டில். எழுபது எண்பது விண்ணப்பங்கள் அனுப்பியும் பதில் வந்தது ஒன்றுக்குத்தான். ஓமானில், சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் குருணை செய்யும் ஆலையின் பரிசோதனைக்கூடம். மதியம் இரண்டு மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் வாரத்தில் ஐந்து நாள் அங்கே கம்பெனி குடியிருப்பில் தங்க வேண்டும்.

இதைச் சொன்னபோது வருண், "போய்த்தான் பாரேன். கிடைச்சா பாத்துக்கலாம்" என்றார். சான்றிதழ்களை அவர்தான் ஆபீசில் பிரிண்ட் எடுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓமானில் வேலை நாள்; இங்கே அவருக்கு லீவ். கூட வருகிறேன் என்றும் அவராகவே சொன்னார்.

மலீஹா சாலையில் மணல் இரு பக்கமும் வெளுத்துக் கிடந்தது. வருண் வலது கையால் பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். எதுவும் முழுதாக ஓடவில்லை.

"கேள்வி கேட்டா வாயைத் திறப்பியா?" என்றார். "வீட்டு ஓனர் குட் மார்னிங் சொன்னதுக்கே நீ தலையை மட்டும்தான் ஆட்டின."

"ரப்பரைப் பத்திக் கேட்டா பேசுவேன்."

"அது தெரியும். கல்யாணமான புதுசுல என் செருப்பை மோந்து பார்த்து இது என்ன ரப்பர்னு சொன்னவதானே."

சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

மடியில் கைப்பேசி வழி காட்டிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் வேகம் நூற்று ஒன்பது. வண்டியின் முள் நூற்று இருபதில் நின்றது. எங்கள் வண்டியில் எப்போதும் நான்கு, ஐந்து வித்தியாசம் வரும். பதினொன்று வந்ததில்லை. அப்படியென்றால் வீல் மட்டுமல்ல, டயரோடு சேர்த்து மொத்தச் சக்கரமே சிறியது. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றுகிறது, அதிகம் சூடாகிறது.

வளைவுகளில் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பியது. ஈர சோப்பின் மேல் கால் வைத்தாற்போல அடியில் ஏதோ நெளிந்தது.

"ஸ்டியரிங் லூசா இருக்கா?"

"காத்து கம்மியா இருக்கும். பெட்ரோல் போடறப்போ பாத்துக்கலாம்."

மலை தொடங்குவதற்கு முன்னால் இருந்த பங்க்கில் நிறுத்தினார். அவர் கரக் டீ வாங்கக் கடைக்குள் போனார். நான் இறங்கிப் பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூடான ரப்பர் வாசனை. டயரில் தரையைப் பிடிக்கும் பட்டன்கள் ஆழமாக, புதுசு போலவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பட்டனிலும் குறுக்கே மெல்லிய, நெளிநெளியான கீறல்கள், சவர பிளேடால் கிழித்தது போல. ஓரங்கள் சின்னச் சின்னத் துணுக்குகளாகப் பிய்ந்திருந்தன. விரலால் அழுத்தினேன். அழிப்பான் போல அமுங்கியது.

பக்கவாட்டில் தூசியைத் துடைத்தேன். மூன்று சிகரங்கள் கொண்ட சின்ன மலை. அதற்குள் ஒரு பனிப்பூ.

ரப்பர் குளிரில் கண்ணாடி போல விறைத்துவிடும். பனி பெய்யும் ஊர்களுக்காக, விறைக்காத மிக மென்மையான ரப்பரில் தனியாக டயர் செய்வார்கள். குளிர்காலம் வந்தால் பெரிய வீல்களைக் கழற்றிவிட்டு, சின்ன வீலில் அந்த டயரை மாட்டி ஓட்டுவார்கள். வெயில் வந்ததும் கழற்றிவிடுவார்கள். எங்களுக்கு வெளியே நாற்பத்தாறு டிகிரி. தார்ச் சாலையில் இன்னும் இருபதாவது கூட இருக்கும்.

அந்த மலைக் குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்கம் இருந்தது, டயர் செய்த வாரமும் வருடமும். எட்டு வருடப் பழையது.

வருண் இரண்டு டம்ளர்களோடு வந்தார்.

"இது பனியில ஓட்டுற டயருங்க."

"என்னது?"

"ஸ்னோ டயர். இங்க பாருங்க, குறி போட்டிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். "அட. ஷார்ஜாவுல பனிக்கு டயர். நல்லவேளை, சறுக்கு விளையாடப் போறப்போ உதவும்."

"சூட்டுல இது தாங்காது. வெடிச்சிடும்."

பங்க்கில் காற்று பிடிக்கும் பட்டாணியரை அவர் கையசைத்துக் கூப்பிட்டார். "பாய், டயர் டீக் ஹை?" பட்டாணியர் டயரைக் காலால் ஓர் உதை விட்டார். பட்டன் ஆழத்தை நகத்தால் பார்த்தார். "ஏக்தம் நயா, பாய். மாஃபி முஷ்கில்" என்று காற்றடித்துவிட்டுப் போய்விட்டார்.

"கேட்டியா? புத்தம் புதுசாம், பிரச்சினை இல்லையாம்."

நான் அங்கேயே நின்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இது யாரோட வீல்?"

வருண் டீயை ஊதினார். "சரவணகுமாரோடது. அவன் டயர் அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, பாஸிங்ல ஃபெயில் பண்ணிடுவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாடல் வண்டி. அதான் நம்ம வீலை அவனுக்குக் குடுத்து அவன் வீலை நான் மாட்டிக்கிட்டேன். எல்லாரும் பண்றதுதானே."

எல்லாரும் பண்றதுதான். வருடாவருடம் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க இந்தப் 'பாஸிங்' சோதனை வரும்போது, நல்ல டயர் வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒரு நாள் இரவல் கொடுப்பார். சோதனை முடிந்ததும் திருப்பி மாட்டிக்கொள்வார்கள். வருணின் நண்பர் சரவணகுமாரின் வண்டி கனடாவில் ஓடி, ஏலத்தில் ஷார்ஜாவுக்கு வந்தது. டயர் எந்தக் குளிருக்கு மாட்டியது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"எப்போ திருப்பித் தருவாரு?"

"நாளைக்குத்தான் அவனுக்குப் பாஸிங்."

"அப்போ எண்பதுல போங்க. அதுக்கு மேல வேணாம்."

"லேட்டாகும் ஹர்ஷி."

"ஆகட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எண்பதில்தான் ஓட்டினார்.

மலைச் சாலையில் கல் ஏற்றிய லாரிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் பாட்டை நிறுத்தினேன். டயரின் சத்தம் கேட்க வேண்டும். ஒரே சீரான இரைச்சல்தான். அது மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று மனதில் சொல்லிப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும்.

"வெடிச்சா பிரேக் போடாதீங்க" என்றேன்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரேன்."

சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். நடுப்பகுதியில் சத்தம் மாறியது. பின்னால், என் பக்கத்தில், டப் டப் டப் என்று யாரோ தட்டுவது போல. வருணின் கை இறுகியது. இடப்பக்கம் ஒரு லாரி, பின்னால் இன்னொரு லாரி. உள்ளே நிறுத்த இடம் இல்லை.

"அறுபது" என்றேன். "இன்னும் குறைங்க. மெதுவா. பிரேக் வேணாம்."

பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. தட்டல் இருக்கையில் ஏறி என் முதுகில் கேட்டது. வெளிச்சம் தெரிந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்து சரளை ஓரத்தில் வண்டியை ஒதுக்கினார். இறங்கிப் பார்த்தோம்.

பின் டயரின் பக்கத்தில் ஒரு வீக்கம் இருந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. மேலே இருந்த ரப்பர் பட்டை ஒரு ஓரத்தில் கழன்று தொங்கியது. வருண் அதைத் தொடப்போய்க் கையை உதறினார். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

"இதே நூத்தி இருபதுல போயிருந்தா..." என்று ஆரம்பித்தார். 

ஸ்பேர் வீல் இருந்தது. அவர் ஜாக்கியை வைத்தார். நான் அவருக்கு மேலே குடையைப் பிடித்தேன். கழற்றிய நட்டுகளை என் துப்பட்டா முனையில் வாங்கிக்கொண்டேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. மற்ற மூன்றும் அதே பனி டயர்தான்; அடுத்த ஊரான கல்பா வரை ஊர்ந்து போகலாம். அங்கே டயர்க் கடை இருக்கும். அதற்குப் பிறகு பார்டர், அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம். இரண்டு மணிக்குள் நடக்காது.

நானாக யாருக்கும் போன் செய்து பழக்கம் இல்லை. ஃபைலில் இருந்த எண்ணை அழுத்தினேன். பரிசோதனைக்கூடத்தின் மேலாளர் பிரபாவதி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். திக்கவில்லை.

"நாலு மணி வரைக்கும் இருப்பேன்மா" என்றார். "அவசரப்படாம வந்து சேரு."

வைத்துவிட்டு, "நாலு மணி வரைக்கும் இருப்பாங்களாம்" என்றேன்.

வருண் நட்டை முறுக்குவதை நிறுத்தினார். "அப்படியா" என்றார். மறுபடி முறுக்க ஆரம்பித்தார்.

அப்போது வண்டிக்குள் மணி அடித்தது. ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் போனுக்கு வந்த அழைப்பு வண்டி ஸ்பீக்கரில் கேட்டது. திரையில் சரவணகுமார் பெயர். வருணின் கையெல்லாம் கறுப்பு. நான்தான் முன் கதவைத் திறந்து எட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"மாப்ள!" என்றது குரல். "என்னடா, உன் வீலு நாலும் என் பால்கனியில ரோசாச் செடி கணக்கா நிக்குது. வியாழக்கிழமையே பாஸிங் முடிஞ்சிருச்சு, எனக்குச் சல்லிசா வேற வீலும் கிடைச்சு மாட்டிட்டேன், வந்து தூக்கிட்டுப் போடான்னேன். நானே வந்து மாட்டித் தர்றேன்னு வெள்ளிக்கிழமை கேட்டா வேணாம்ங்கற. நேத்தும் கேட்டேன், திங்கக்கிழமை பாப்போம்ங்கற. என் பொண்டாட்டி துணி காயப்போட இடமில்லாம என்னையத் திட்டுறாய்யா. ஹலோ? மாப்ள?"

"அண்ணா, அவரு வேலையா இருக்காரு. அப்புறம் பேசச் சொல்றேன்."

"அட, தங்கச்சியா! சோஹார் போறீகன்னு சொன்னான். ஆல் த பெஸ்ட்மா."

நான் அழைப்பைத் துண்டித்தேன்.

வருண் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனர் தரையில் கிடந்தது. ஒரு லாரி போன காற்றில் குடை ஒருபக்கம் சாய்ந்தது. அதை நிமிர்த்திப் பிடித்தேன்.

"நாளைக்குப் பாஸிங்னு சொன்னீங்க."

அவர் கையைக் கந்தல் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"ஸ்னோ டயர்னு எனக்குத் தெரியாது. சத்தியமா. பழைய டயர்னுதான் தெரியும்."

"அது எனக்குப் புரியுது. வீலை ஏன் திருப்பி வாங்கல?"

 என் துப்பட்டாவில் மிச்சம் இரண்டு நட்டுகள் இருந்தன. துணி வழியாகவும் சுட்டன. நான் அவற்றைக் கொடுக்கவில்லை.

"பழைய டயர், வண்டி சரியில்ல, இவ்ளோ தூரம் வேணாம்னு காலையில சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். "நீ ஃபைலோட கீழ வந்து நின்ன. வாய் வரல."

"எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

மலைப்பக்கம் பார்த்தார். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"நீ அந்த வேலைக்குப் போறது எனக்குப் பிடிக்கல, ஹர்ஷி."