கல்லுக்கு இந்தப் பக்கம்

என் அக்கா வியாகுலம்மாளுக்கு வயிற்றில் கட்டி. கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லி, திண்டுக்கல் டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரமாகக் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டவள், அன்று காலையில் விரால்மீன் குழம்பு கேட்டாள். மச்சான் ராயப்பராஜ் உடனே மீன் குத்தும் ஈட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் மசாலா அரைக்க உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்க் குளத்து மீன் குத்தகைக்காரருடையது. மடையைத் தாண்டி வாய்க்காலில் இருப்பது ஊருக்குப் பொது. மடைவாயில் ஒரு பள்ளம், அதன் நடுவே எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் குளம்; அங்கே ஈட்டி போட்டால் கேஸ். குத்தகைக்காரர் முன்பு வாய்க்காலையும் சேர்த்து வளைக்கப் பார்த்தபோது, தாசில்தார் வரைக்கும் போய் மல்லுக்கட்டி அந்தக் கல்லை நடவைத்தவரே மச்சான்தான். ஊரில் ஒருத்தர் கல்லைத் தாண்டினாலும் ஊருக்கே வாய்க்கால் இல்லை என்று அன்றைக்கு ஒப்பந்தம்.

அக்காவுக்கு அதில் பெருமையும் உண்டு, கேலியும் உண்டு. அவர் மீனோடு வந்தால், "எந்தப் பக்கம் குத்துனது?" என்று கேட்பாள். "நம்ம பக்கந்தான்" என்று அவர் சொன்ன பிறகே சட்டியை அடுப்பில் ஏற்றுவாள்.

மத்தியானமாகியும் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுப் பெருமாயியை அக்காவிடம் உட்காரவைத்துவிட்டு மடைக்கு ஓடினேன். கை கனத்தில் ஒரு விரால், கல்லுக்கு அந்தப் பக்கம் சொகுசாகப் படுத்திருந்தது. மச்சான் இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்றார். குளத்துக் காவல்காரர் சனாவுல்லாவுக்கே பொறுக்கவில்லை.

"குத்துங்க ராயப்பு. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்."

"இன்னைக்கு எனக்காகத் திரும்புவீக பாய். நாளைக்கு அம்புட்டுப் பேரும் தாண்டுவாக. வாய்க்கால் போயிரும். செத்த நேரம், இங்கிட்டு வந்துரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா கெடக்குற கெடையில கல்லென்ன மச்சான் கல்லு!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. மீன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஈட்டியை ஓங்கியபடியே நின்றார். அந்த நேரத்தில் அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து பெருமாயியை அனுப்பிவைத்தேன். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"மீனு இன்னும் அந்தப் பக்கமே கெடக்கா?"

"ஆமாக்கா."

சிரித்தாள். "அவரு தாண்ட மாட்டாரு. வந்ததும் நீ ஒண்ணும் சொல்லிப்புடாத, சகாயராணி. மசாலா காஞ்சிரும், தண்ணி தெளிச்சு வையி."

தெளித்துவிட்டு வந்து பார்த்தேன். அக்கா போய்விட்டாள். எனக்கு அழக்கூட வரவில்லை. மசாலா ஒட்டிய கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தெருவில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. மச்சான்தான். வாசலுக்கு வரும் முன்பே மூச்சிரைக்கச் சத்தம் போட்டார்.

"வியாகுலம், நம்ம பக்கந்தான்!"