அடைக்கலம் காட்டேஜின் கீழ்மாடி

நாயுடுபுரத்துச் சரிவில் இருதயசாமி கட்டிய 'அடைக்கலம் காட்டேஜ்' ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம். பள்ளத்திலிருந்து பார்த்தால் மூன்று. மலை வீடு அப்படித்தான், தலையை மேட்டில் வைத்துக்கொண்டு காலைப் பள்ளத்தில் தொங்கப் போட்டிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் டூரிஸ்ட்டை நம்பி அதில்தான் போட்டிருந்தார்.

அனுமதி ஒரு தளத்துக்கு. அளக்க வந்த அதிகாரிகள் எல்லாரும் ரோட்டில் நின்றே அளந்தார்கள். ஒருவர் மூடுபனியில் வந்து, வீட்டை விட்டுவிட்டுப் பனியை அளந்து, உயரம் சரிதான் என்று எழுதிக்கொண்டு போனார். சந்தேகம் இருப்பவர்கள் பனியைக் கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாக வந்த அதிகாரி செல்வமுருகன் மட்டும் கேரட் தோட்டம் வழியாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்.

"பெரியவரே, மூணு மாடி இருக்கே."

"நீங்க வந்த வழி தப்புங்க."

அவர் சிரிக்கவில்லை. "அனுமதி மேல உள்ள ஒண்ணுக்குத்தான். கீழ ரெண்டையும் எடுத்துருங்க. இல்லேன்னா சீல் வைக்கணும்."

"எடுத்துட்டா மேல உள்ளது எதுலங்க நிக்கும்?"

செல்வமுருகன் யோசித்தார். "ரூல்ல அது இல்லீங்க."

கீழ்மாடி அடைக்கலமேரியின் அறை. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் ஜன்னல் அங்கேதான்; மேலே மரக்கிளைகள் மறைக்கும். இரட்டை வாடகைக்குக் கேட்டும் யாருக்கும் விடாமல், முடங்கிப்போன மனைவியை இருதயசாமி அந்த ஜன்னலோரம் கிடத்தியிருந்தார். அவள் போன பிறகும் விடவில்லை.

"அப்ப மேல ரெண்டையும் எடுத்துர்றேன். கீழ உள்ளத மட்டும் விட்டுருங்க."

"சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"அது எஞ் சோலிங்க."

"கீழதாங்க அனுமதி இல்லாதது," என்றார் செல்வமுருகன், மெதுவாக.

கொத்தனார் வேலுச்சாமிதான் வழி கண்டுபிடித்தார். "இடிக்க வேணாம்ணே. கீழ ரெண்டையும் மண்ணக் கொட்டி நெரப்பி, வெளியயும் மண்ண அணைச்சுருவோம். அப்புறம் அது மாடி இல்ல, தரை."

"தரைய அளக்க ரூல் இல்லை," என்று ஒப்புக்கொண்டார் செல்வமுருகன்.

கட்டிலும் ஜெபமாலையும் மேலே போயின. ஜன்னலை மேலே கொண்டுபோகலாம், பள்ளத்தாக்கு வராது. அதனால் ஜன்னல் அங்கேயே இருந்தது. ஆட்கள் சட்டியில் மண்ணோடு வாசலில் நின்றார்கள்.

"மொத மண்ண நீங்க போடுங்கண்ணே."

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டபோது இருதயசாமி மட்டும் போடவில்லை. "அவளுக்குத் தூசி ஆகாது, தும்மித் தீத்துருவா" என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டார். சோகத்தில் ஏதோ உளறுகிறார் என்று பாதர்கூட விட்டுவிட்டார்.

இப்போது சட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஜன்னலோரம், கட்டில் கிடந்த இடத்தில் போட்டார். போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே?"

"இருப்பா. கொஞ்சம் பொறு."

தும்மல் ஏதும் வரவில்லை.

"சரி, கொட்டு," என்றார்.