பதினோரு நிமிஷத்தில் செத்த அய்யம்பெருமாள்

கலைச்செல்வன் படங்களுக்குக் கதை சொல்லிப் பிழைக்கிறவன். சீனாக்காரர்கள் கத்திக் கத்திச் சண்டை போடும் பழைய குங்ஃபூ படங்கள்தான் அவன் சரக்கு. இரண்டு மணி நேரப் படத்தைப் பதினோரு நிமிஷமாக நறுக்கி, அதன்மேல் தன் குரலை ஓட்டி யூடியூப்பில் போடுவான். லப்பைக்குடிக்காடு கடைவீதியில் அவன் சிநேகிதன் வாசிமுக்குச் செல்போன் கடை இருந்தது. மதியத் தொழுகைக்கு வாசிம் ஷட்டரை இறக்கியதும் பின்னறையில் இவன் பதிவு தொடங்கும். கடைவீதி வாயை மூடியிருப்பது அந்த ஒரு நேரத்தில்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சீனப் பெயர்கள் நம் வாயில் நுழையாது, நுழைந்தாலும் கேட்கிறவர் மனதில் நிற்காது. அதனால் "நம்ம ஹீரோ பேரு குமார்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கலைச்செல்வன் நான்கு வருஷமாக எல்லா வில்லன்களுக்கும் விக்கி என்றே பேர் வைத்து வந்தான். எண்பத்திரண்டு விக்கிகள் அவன் குரலில் செத்திருக்கிறார்கள், ஒரு விக்கிகூடத் தேடி வந்து சண்டை பிடித்ததில்லை. அதோடு விட்டிருக்கலாம். புத்தி கேட்டால்தானே.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கொளஞ்சியம்மாளை அழைத்துக்கொண்டு ஆலத்தியூருக்குப் பெண் கேட்கப் போனான். பெண் வெற்றிச்செல்வி. பெரம்பலூர் காலேஜுக்கு மூன்று வருஷம் இவனோடு ஒரே பஸ்ஸில் போனவள், இப்போது அரியலூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா அய்யம்பெருமாள் சிமெண்ட் ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. மனைவி இறந்த பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவர், அதிகம் பேசாதவர்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"யூடியூப்ல சினிமாவுக்குக் கதை சொல்றேங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "படத்துலதான் கதை இருக்குமே. நீங்க எதுக்குச் சொல்றீங்க?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். ஆனால் கூட இருந்த அவர் பங்காளி சாமிக்கண்ணு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் மற்றவர்களும் சிரித்தார்கள். கொளஞ்சியம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அதுதான் மகனுக்கு ரொம்ப வலித்தது. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பி வைத்தார் அய்யம்பெருமாள். பெண் வீட்டில் யோசிச்சுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்று கலைச்செல்வனுக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்தான்.

மறுநாள் அவன் கையில் ஒரு படம் இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஹாங்காங் படம். தானியக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவன் ஹீரோவின் குருவுக்கு டீயில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறான். ஹீரோ மலைக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் இரண்டு கையிலும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பலமேற்றிக்கொண்டு வந்து, அவனைப் பழிவாங்குகிறான். தண்ணீர் சுமந்தால் குங்ஃபூ வந்துவிடும் என்றால் பெரம்பலூர் ஜில்லாவில் ஒரு ஆண்பிள்ளை வாலாட்ட முடியாது, அத்தனை பெண்களும் அத்தனை குடம் சுமந்தவர்கள். ஆனால் கலைச்செல்வன் அன்று சிரிக்கும் நிலையில் இல்லை. சிரித்த முகங்களே கண்ணுக்குள் நின்றன. ஹீரோவுக்குத் தன் பேரையே வைத்தான். வில்லனுக்கு அய்யம்பெருமாள் என்று வைத்தான்.

"எப்பப் பாத்தாலும் மூட்டைங்களுக்கு நடுவுல நின்னு முறைக்கிறானே, இவன்தாங்க அய்யம்பெருமாள்" என்று ஆரம்பித்து, கடைசிச் சண்டையில் "தப்பிச்சு ஓடிரலாமான்னு வாசலைப் பாக்குறான் இந்தக் கோழை அய்யம்பெருமாள், ஆனா கலைச்செல்வன் விடுவானா" என்று முடித்தான். குரலில் அப்படி ஒரு வேகம் அதற்கு முன்னால் அவனுக்கு வந்ததே இல்லை.

கோபத்தில் சொன்ன கதைக்கு ருசி அதிகம் போலிருக்கிறது. வாசிமின் மச்சான் குவைத்தில் இருந்தார். அவர் தன் அறை ஆட்களுக்கு அனுப்ப, அவர்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் அனுப்ப, மூன்றே நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நான்காம் நாள் அது கடல் தாண்டித் திரும்பி ஆலத்தியூருக்கே வந்து சேர்ந்தது.

வெற்றிச்செல்வி போன் செய்தாள். "ஆலை வாசல் டீக்கடையில எங்கப்பாவுக்கு டீயக் குடுத்துட்டு, விஷமில்லண்ணே, தைரியமா குடிங்கன்னு சொல்றாங்களாம். லோடு ஏத்துறவங்க குங்ஃபூ மாதிரி கையைக் காட்டி வணக்கம் வைக்கிறாங்களாம்."

"கோவத்துல பண்ணிட்டேன் வெற்றி. உங்கப்பா யோசிச்சுச் சொல்றோம்னு..."

"அவரு நெசமாவே யோசிச்சாரு. நேத்து சாயங்காலம் எங்கிட்ட சரின்னு சொன்னாரு. இன்னிக்குக் காலையில டீக்கடைக்குப் போனாரு."

"அய்யய்யோ" என்றான் கலைச்செல்வன்.

"ஞாயித்துக்கிழமை வந்து அவரு மொகத்தப் பாத்துப் பேசு. முடியலன்னா இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உடனே வீடியோவை அழித்திருந்தால் அதுவாவது புத்திசாலித்தனம். அவன் அழிக்கவில்லை. அதன் அடியில், 'இதில் வரும் அய்யம்பெருமாள் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை மேஸ்திரி அய்யம்பெருமாள் அல்ல' என்று கொட்டை எழுத்தில் ஒரு விளக்கம் போட்டான். அதுவரை தெரியாமலிருந்த எட்டே முக்கால் லட்சம் பேருக்கும் தெரிந்துபோயிற்று. வாசிம் தலையில் கை வைத்துக்கொண்டான். "அல்லாவே, அட்ரஸும் போட்டுட்டியே மாப்ள. போன் நம்பரையும் போட்டுர வேண்டியதுதான?" பிறகு அழித்தார்கள். வளைகுடா முழுக்க இறக்கி வைத்திருந்ததை யார் அழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை வாசிமின் பைக்கில் ஆலத்தியூர் போனார்கள். வாசிம் வண்டியை அணைக்காமல் தெருவிலேயே நின்றான். "பேச்சு முத்துனா ஓடியாந்துரு, அப்படியே கெளம்பிரலாம்" என்றான். உள்ளே அய்யம்பெருமாள் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்கண்ணுவும் இருந்தார், இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. வெற்றிச்செல்வி சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கலைச்செல்வன் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைச் சொல்வதற்குள் அய்யம்பெருமாள் முந்திக்கொண்டார்.

"ஒக்காரு. அந்தப் படத்தை வெற்றி எறக்கிக் குடுத்தா, முழுசாப் பாத்தேன். ரெண்டு வாட்டி" என்றார் அவர்.

"சீன பாஷைங்களே."

"பாஷை புரியல. படம் புரிஞ்சிச்சு." போனை அவன் பக்கம் திருப்பினார். திரையில் தானியக் கிடங்குக்காரன் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். "இது யாரு?"

"அவரு மவங்க."

"மூணு எடத்துல வருது. இந்தப் புள்ள கேட்டுச்சுன்னு பொம்மை செஞ்சு குடுக்குறான். காச்சல்னா தூக்கிட்டு ஓடுறான். ஒன் வீடியோவுல ஒரு எடத்துலயும் இல்லியே."

"பதினோரு நிமிஷத்துல அடங்காதுங்க. சண்டைக்குச் சம்பந்தமில்லன்னு எடுத்துட்டேன்."

"சாவறப்ப அவன் வாசலைப் பாக்குறான். நீ ஓடப் பாக்குறான்னு சொல்லிட்ட. வாசல்ல யாரு நிக்கிறா?"

கலைச்செல்வனுக்குத் தெரியும். வாசலில் அந்தப் பெண் நிற்கிறாள். கத்தரித்தவனே அவன்தான்.

"எம்பேர வச்சதுக்குக் கோவப்படலப்பா" என்றார் அய்யம்பெருமாள். குரல் உயரவில்லை. "அவன் கெட்டவன்தான், வெசம் வச்சவன்தான். ஆனா பொண்ணக் கேட்டு வந்தவன் நீ, பொண்ணையே வெட்டி எறிஞ்சிட்டியே."

கலைச்செல்வனுக்கு வெட்கமாக இருந்தது. அவமானம் அன்றைக்கு இந்த வீட்டில் பட்டது அல்ல, இப்போது படுவதுதான் என்று அவனுக்குப் புரிந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் கூச்சமாக இருந்தது.

"நீ கதை சொல்றவன்தான? சொல்லு. இங்கயே, முழுசா" என்றார் அவர்.

வாசிமை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் பைக்கை அணைத்துவிட்டு வந்து, சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் பென்டிரைவில் அய்யம்பெருமாளின் போனிலிருந்த படத்தை ஏற்றி டிவியில் சொருகினான். செய்தி பரவி அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கலைச்செல்வன் டிவிக்குப் பக்கத்தில் நின்று ஆரம்பித்தான். ஹீரோ வந்தான்.

"இவரு பேரு..." என்று இழுத்தான்.

"வீடியோவுல வச்ச அதே பேரு இருக்கட்டும். எல்லாருக்கும் அதே பேரு" என்றாள் வெற்றிச்செல்வி நிலைப்படியிலிருந்து.

திரையில் சின்னப் பெண் வந்தாள். அவன் தயங்கினான். "அதுக்கு எம்பேர வை" என்றாள் வெற்றிச்செல்வி. அவள் முகத்தில் இன்னும் கோபம் இறங்கவில்லை.

அவன் சொன்னான். பொம்மை செய்ததைச் சொன்னான், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னான். அந்த இடங்களில் தெருப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். விஷம் வைத்த இடத்தில் அய்யம்பெருமாளையே திரும்பிப் பார்த்து, "நீங்க செஞ்சது தப்புண்ணே" என்றார் சாமிக்கண்ணு. அய்யம்பெருமாளும் தப்புதான் என்று தலையாட்டினார்.

கடைசிச் சண்டை வந்தது. வில்லன் மூட்டைகளின் மேல் விழுந்து கிடக்கிறான். ஹீரோ கையை ஓங்குகிறான். வில்லன் வாசலைப் பார்க்கிறான். "கலைச்செல்வன் கையை ஓங்குறான். அங்க வாசல்ல வெற்றிச்செல்வி நிக்கிறா. அய்யம்பெருமாள் அவளைப் பாக்குறாரு" என்று சொன்ன கலைச்செல்வன், எட்டி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டான்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அய்யம்பெருமாள்.

"இதுக்கு மேல என்னால சொல்ல முடியல மாமா."

மாமா என்ற சொல் வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. வாசிம் மெதுவாக வண்டிச் சாவியைத் தடவினான்.

அய்யம்பெருமாள் எழுந்து வந்து, அவன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

"நான் சாவறத நானே பாத்துக்குறேன்" என்றார். "நீ வூட்டுக்குப் போயி, ஆவணியில ஒரு நல்ல நாளாப் பாக்கச் சொல்லு ஒங்கம்மாவை."

வெற்றிச்செல்வி வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் படத்தை ஓடவிட்டார்.