அண்ணி போகலாமா?

கேபிள்காரர் வீடு வீடாக டிவி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் மனைவியை அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்று அவர் வீட்டிலிருந்தே நேரலையாக நடத்தும் யூடியூப் சேனலைப் பார்க்கும் நான்கு லட்சம் பேருக்கு அவள் அண்ணி. "டிவியைப் பார்த்துப் பேசினா பதில் வருமா? நம்ம சேனல்ல வரும்" என்பார் கேபிள்காரர். பார்ப்பவர்களைத் தம்பி, தங்கச்சி என்றே கூப்பிடுவார். அப்புறம் முறைப்படி அவள் அண்ணியாகத்தானே வேண்டும்?

ஒரு நாத்தனாரைச் சமாளிக்கவே தலை சுற்றும். நான்கு லட்சம் என்றால் கேட்கவா வேண்டும்! அலமாரியை எந்தப் பக்கம் நகர்த்துவது, அண்ணி எந்தச் செருப்பு வாங்குவது, எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு. கூடத்தில் ஒரு கேமரா, சமையலறையில் ஒரு கேமரா. நிம்மதியாக அழக் குளியலறை ஒன்றுதான் மிச்சம்.

அவள் கண் பரிசோதனைக்குப் படித்தவள். வெளியூர்க் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் புருஷனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாய் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நேரலை முடிவில் வழக்கம்போல் "போயிட்டு வரேன் தம்பிகளா" என்று சொல்ல வேண்டியவள், "போறேன் தம்பிகளா" என்று கைகாட்டிவிட்டாள்.

விடுவார்களா? "அண்ணி, என்ன வார்த்தை இது?" "யாராவது போறேன்னு சொல்வாங்களா?" "அண்ணன்கூட சண்டையா?" என்று செய்திகள் கொட்டின. கேபிள்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லு, எங்கே போறே?"

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பொய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "தம்பிகளா, நீங்களே சொல்லுங்க. அண்ணி போகலாமா?" என்றார்.

ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு எண்பத்து மூன்று பேர் கூடாது என்றார்கள். "பார்த்தியா, நான் ஒண்ணும் சொல்லலை. குடும்பமே சொல்லுது" என்று கையை விரித்தார்.

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அம்மாவுக்குப் போன் செய்தாள். அப்பாவோடு மல்லுக்கட்டி அவளைப் படிக்க வைத்தவள் அம்மா. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைக் கட்டிவிடலாம்.

"பார்த்தேன்டி. நானும் ஓட்டுப் போட்டேன்."

"போகலாம்னுதானே?"

"நீ வேலைக்குப் போயிட்டா உன்னை தினம் எப்படிப் பார்க்கறது? முன்னெல்லாம் சீரியலே கதின்னு கிடந்தேன். அழாதடின்னு கத்தினாலும் டிவியில இருக்கறவளுக்குக் கேக்குமா? முந்தாநாள் நீ இருமினே, வெந்நீர் குடின்னு எழுதினேன். உடனே குடிச்சே. இங்க இருந்தப்ப என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டே?"

அம்மாவின் குரலில் அவ்வளவு சந்தோஷம். அவளால் கோபப்படக்கூட முடியவில்லை.

கதவு தட்டப்பட்டது. "அத்தைகிட்டதானே பேசறே? வெளியே வா. வீடியோ கால்ல போடு. அவங்க சொல்றதைத் தம்பிங்களும் கேக்கட்டும்."

"மாப்பிள்ளையா? ஐயோ, இருக்கச் சொல்லுடி" என்று அம்மா பரபரத்தாள். "தலையை வாரிட்டு வந்துடறேன்."

அவள் தாழ்ப்பாளை விலக்கினாள்.